ஆபத்து தெரிந்தும் ‘எனக்கெல்லாம் வராது’ என்று பிள்ளைகள் ஏன் நம்புகிறார்கள்?

வகுப்பறை_ஜன்னல்:
வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல்நலப் பாடம் எடுக்கிறேன். எச்.ஐ.வி. எப்படிப் பரவும், ஆணுறை எதற்கு என்று தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். போன வாரம், பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொல்லி ஒரு டப்பா வைத்தேன். நாலாக மடித்த, அடித்து அடித்து எழுதிய ஒரு சீட்டு: ‘முதல் தடவையில் கர்ப்பம் ஆகாதுதானே?’ இன்னொன்று: ‘நோய் இருந்தால் ஆளைப் பார்த்தாலே தெரியுமே, அப்புறம் என்ன பயம்?’ வயிற்றைக் கலக்கிவிட்டது. பயமுறுத்தும் படங்களைக் காட்டு என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். காட்டலாமா?

நலப்பணியாளன்:
வேண்டாம் டீச்சர். இலவசமாகக் காசநோய் எக்ஸ்ரே எடுத்தும் மக்கள் ஏன் வரவில்லை என்று 1950களில் அமெரிக்காவில் ஆராயப்போய்த்தான் ‘உடல்நல நம்பிக்கை மாதிரி’ என்ற கோட்பாடே பிறந்தது. நோய் கொடியது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எனக்கும் வரலாம் என்று தோன்ற வேண்டும், தற்காத்துக்கொண்டால் பலன் உண்டு என்று நம்ப வேண்டும், குறுக்கே நிற்கும் தடை தாண்டக்கூடியதாகத் தெரிய வேண்டும். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையையும் 1988இல் சேர்த்தார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுமை தெரியும், ‘எனக்கும்’ என்பதில்தான் இடிக்கிறது. கோரமான படத்தைப் பார்த்தால் ‘நோய் இப்படித்தான் இருக்கும்’ என்ற எண்ணம் இன்னும் உறுதியாகிவிடும். அந்தச் சீட்டுகளுக்கே பதில் சொல்லுங்கள்: முதல் தடவையிலும் கரு தங்கலாம், கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று வந்த பலருக்கு அறிகுறியே இருக்காது, எச்.ஐ.வி. பல வருடம் வெளியே தெரியாமல் இருக்கலாம்.

மழைக்குருவி:
தடை என்றீர்களே, அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பதினேழு வயதில் என் தோழிக்கு நாள் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நானும் போனேன். வரவேற்பில் இருந்தவர், சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, ‘என்ன பிரச்சினை?’ என்று சத்தமாகக் கேட்டார். ‘தலைவலி’ என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பாடத்தில் நல்ல மார்க் வாங்குகிறவள்தான் அவள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இரு_பிள்ளைகளின்_அப்பா:
இதையெல்லாம் விளக்கினால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

நலப்பணியாளன்:
ஆகாது சார். பாலியல் கல்வியால் பிள்ளைகள் உடலுறவைச் சீக்கிரம் தொடங்குவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து யுனெஸ்கோ 2018 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. பெற்றோரின் நம்பிக்கையும் இதில் சேர்த்திதான். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்குப் போடச் சொல்கிறார்கள், ‘இந்த வயதில் எதற்கு?’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன்.

வகுப்பறை_ஜன்னல்:
சரி, படம் வேண்டாம். நாளை அந்த இரண்டு சீட்டையும் அப்படியே பலகையில் எழுதித் தொடங்குகிறேன். மழைக்குருவி, உங்கள் தோழியை நினைத்து ஒரு நர்ஸையும் வகுப்புக்கு அழைக்கப்போகிறேன். உள்ளே போனதும் என்ன கேட்பார்கள், எதை வீட்டுக்குச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்று அவர் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும்.