பட்டாளத்துத் தாத்தா நம்பர் யாரிடம் இருக்கிறது?

கவிதா: அடுத்த வாரம் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போகிறேன். ஞாயிறு லீவுதான், கிராஞ்சி போர் நினைவிடம் போய்ப் பட்டாளத்துத் தாத்தா பெயரைப் பார்க்க ஆசை. அவர் பட்டாள நம்பர் யாரிடம் இருக்கிறது?

மாலா சித்தி: நல்லபடியாகப் போய் வா கண்ணு. கோடாலித் தைலம் ஆறு பாட்டில்

பாபு: எனக்கும் ரெண்டு

கவிதா: நம்பர்??

பெரியப்பா: கவிதா, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் ஒப்படைத்தார்கள், நாற்பதாயிரம் பேர் இருக்கும். இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.வில், சேராமல் கைதியாகவே இருந்தவர்களில் நிறையப் பேரைக் கப்பலில் ஏற்றி நியூ கினி, ரபவுல் பக்கம் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். சித்தப்பா அப்படிப் போனவர். கிராஞ்சித் தூண்களில் 24,000 பேருக்கு மேல் பெயர் இருக்கிறது, ஆனால் ரபவுல் பக்கம் பிடா பாகாவிலும் இந்தியக் கைதிகளுக்குக் கல்லறை உண்டு. அதனால் முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடு, எந்த இடம் என்று அதிலேயே வரும்.

பாபு: அப்போ அவர் ஐ.என்.ஏ. இல்லையா?

சாந்தி அத்தை: அது உங்கள் தாத்தா சொன்னது. தம்பி வெள்ளைக்காரன் பட்டாளத்தில் செத்தான் என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம்

பெரியப்பா: இதில் என்ன கூச்சம். கைதியாகப் பட்டினி கிடந்து செத்தாலும் பட்டாளக்காரன் சாவுதான்.

கவிதா: தேடினேன். அதே பெயரில் நிறையப் பேர் வருகிறார்கள், நம்பர் இல்லாமல் முடியாது

சாந்தி அத்தை: பாட்டிக்கு வந்த சர்க்கார் காகிதத்தில் இருந்தது. பென்ஷன் விஷயமாக அண்ணன் வாங்கிப் போனார், திரும்பி வரவில்லை

பெரியப்பா: அதைத் தம்பியிடம் கொடுத்தேன், எத்தனை தடவை சொல்வது

மாலா சித்தி: இவர் வாங்கவே இல்லை என்கிறார்

சாந்தி அத்தை: பாட்டி அந்தக் காகிதத்தை நம்பவே இல்லை. உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை, செத்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, எதை வைத்துத் தாலியைக் கழற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். சாகும்வரை பூ வைத்தாள். ஊர் பேசியது, நம் வீட்டிலும் பேசினோம், ஒரு கல்யாணத்தில் அவளை முன்னால் நிற்க விட்டோமா? கவிதா, பெயரைக் கண்டுபிடித்தால் பாட்டி பெயரையும் அங்கே சொல்லிவிட்டு வா

கவிதா: சரி அத்தை

பாபு: இனி பிப்ரவரி 15 அன்று திதி கொடுக்கலாமே

பெரியப்பா: அது அவர் இறந்த நாள் இல்லை. அப்பா மகாளய அமாவாசைக்குத்தான் கொடுத்தார்.

சாந்தி அத்தை: தளத்தில் தேதி வந்தால்?

பெரியப்பா: வரட்டும், அப்புறம் பேசுவோம்.

மாலா சித்தி: எதற்கும் பழைய பீரோவைத் திறந்து பார்க்கிறேன். சாவி எங்கே என்று இவரைத்தான் கேட்க வேண்டும்

கவிதா: வியாழனுக்குள் சொல்லுங்கள் சித்தி