கொயிலோவரா, புது ஸ்ட்ரட்டா? திருகோணமலையில் என் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் அனுபவம்

கொயிலோவர் போடுவதா, புது ஷொக்கோடு விடுவதா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஷொக் என்பது ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஒயில் குழாய். கொயிலோவர் என்பது மரை திருகி உயரம் மாற்றக்கூடிய ஷொக், ஸ்ப்ரிங் செட். கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது, கார் கொஞ்சம் ஓடக்கூடிய கார், ஊர் திருகோணமலை. மூன்றும் எனக்கும் பொருந்துவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 31எஸ் மொடல். 1.6 லீற்றர் எம்16ஏ என்ஜின், 125 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்குச் சற்று மேல். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் வேறு கார் பார்க்க வழியில்லை, இருந்ததை வைத்துத்தான் ஓடினோம். அப்படி ஓடிய கார்களில் பலவற்றில் ஷொக் எப்போதோ செத்திருக்கும். மெல்ல மெல்லச் சாவதால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. கொயிலோவர் போட்டதும் "கார் பறக்குது" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர், செத்த ஷொக்கோடு ஒப்பிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு குறைவென்றால் அந்தக் காசை ஷொக்கின் உள்ளே இருக்கும் வேலைக்குக் கொடுங்கள். வெளியே தெரியும் மரைக்கும் கலர் ஸ்ப்ரிங்குக்கும் கொடுக்காதீர்கள்.

ஸ்விஃப்டுக்கு முன்னால் இருப்பது மக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷொக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த ஒரே தூண். அதில் மேல் ஆர்ம் கிடையாது. கீழே ஒரு ஆர்ம், மேலே ஸ்ட்ரட், அவ்வளவுதான். சக்கரத்தை நேராகப் பிடித்து வைத்திருப்பதும் ஸ்ட்ரட்தான், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கூடத் திரும்புவதும் அதுதான். வளைவில் பக்கவாட்டில் வரும் விசையையும் ஷொக்குக்குள் ஏறி இறங்கும் தண்டும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் சேர்ந்து தாங்க வேண்டும். அதனால் மலிவு ஸ்ட்ரட்டில் முதலில் போவது தண்டின் சீலும் புஷ்ஷும். ஒயில் கசியத் தொடங்கிவிட்டால் பிறகு ஷொக்கின் இறுக்கத்தை எந்தப் படியில் திருகி வைத்தாலும் ஒன்றுதான்.

பின்பக்கம் வேறு கதை. அங்கே டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் முறுகக்கூடிய குறுக்குச் சட்டம். ஸ்ப்ரிங் ஓரிடத்தில், ஷொக் வேறிடத்தில். கொயிலோவர் செட் என்று வாங்கினாலும் பின்னால் வருவது தனி ஸ்ப்ரிங்கும், உயரம் மாற்ற ஒரு மரைத்தட்டும், தனி ஷொக்கும்தான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஏமாற்று இல்லை, காரின் அமைப்பே அப்படி.

நான் முதலில் செய்தது மிகச் சாதாரண வேலை. கயாபா கம்பனியின் புது ஸ்ட்ரட் முன்னால் இரண்டு, பின்னால் ஷொக் இரண்டு, மேல் மவுண்ட், பெயாரிங், பம்ப் ஸ்டொப் (ஷொக் முழுதாக அமுங்கும்போது இடி தாங்கும் கட்டை), கீழ் ஆர்ம் புஷ். ஸ்ப்ரிங் காரோடு வந்ததே. விசாரித்த மலிவு கொயிலோவர் செட்டைவிட இது எல்லாம் சேர்த்தும் குறைவாகவே முடிந்தது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும் ஏ6 வீதி உங்களுக்குத் தெரியும். வீதி நல்லது, ஆனால் காட்டுத்துண்டில் இரவில் யானை நிற்கும். அங்கே ஒருமுறை பலமாகப் பிரேக் அடித்து ஓரம் ஒடித்தபோது கார் மூக்குக் குத்தாமல், பின்பக்கம் அலையாமல், ஒரே அசைவில் போய் நின்றது. நல்ல ஷொக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த இடத்தைத்தான்.

உப்புவெளி நண்பர் ஒருவர் லான்சருக்கு மலிவு செட் போட்டார். கம்பனி பெயர் வேண்டாம். முன் ஸ்ப்ரிங் 8 கிலோ, அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுங்க 8 கிலோ பாரம் வேண்டும். காரை 60 மில்லிமீற்றர் இறக்கினார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறும்போது பம்ப் ஸ்டொப்பில் இடிக்கும் சத்தம் உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றில் கேட்கும்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு முன் மூலையில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் எடை 300 கிலோ என்று வையுங்கள். 3 கிலோ ஸ்ப்ரிங்கில் அந்த மூலை செக்கனுக்கு ஏறத்தாழ 1.6 தடவை ஆடும். 5 கிலோவில் 2 தடவை, 8 கிலோவில் 2.6 தடவை. சாதாரண வீட்டுக் கார்கள் 1.2 முதல் 1.5 வரை இருக்கும். 2 என்பது இறுக்கம், ஆனால் தினமும் ஓடலாம். 2.6 பந்தயத் திடலுக்குச் சரி. எங்கள் உள்வீதிக் கிடங்குகளில் சக்கரம் நிலத்தை விட்டுவிட்டுத் துள்ளும், துள்ளும்போது பிடிப்பு எங்கிருந்து வரும்? இறுக்கமான காரே வேகமான கார் என்ற நம்பிக்கை இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. வீதி சீராக இருந்தால் மட்டும் அது உண்மை.

இறக்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மக்பெர்சன் காரை நிறைய இறக்கினால் கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சரிந்துவிடும். வளைவில் காரின் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடக்கூடச் சாய்வு விசையும் கூடும். இறக்கிய கார் அதே ஸ்ப்ரிங்கில் முன்னையைவிட அதிகமாகச் சாயலாம் என்பதை நம்பாதவர்கள் பலர். ஸ்டியரிங்கைத் தொடாமலே மேட்டில் கார் பக்கம் இழுப்பதும் இதே காரணத்தால் வரும். என் காரில் 25 மில்லிமீற்றருக்கு மேல் இறக்கவில்லை, இறக்கவும் மாட்டேன். ஸ்ப்ரிங்கை வெட்டி இறக்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜாக்கில் தூக்கினால் ஸ்ப்ரிங் இருக்கையை விட்டுக் கழன்று நிற்கும். உயிரோடு விளையாடுகிற வேலை அது.

பிறகு கொஞ்சம் காசு சேர்ந்ததும் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த ஜப்பான் செட் எடுத்தேன். இப்போது காரில் இருப்பது அதுதான், முன் ஸ்ப்ரிங் 5 கிலோ. பாவித்த செட் வாங்குவதில் தவறில்லை, ஆனால் கடையில் நின்று வடிவாகப் பார்க்க வேண்டும். ஸ்ப்ரிங்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். தண்டைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நகம் எங்கேயாவது தடக்கினால் அந்தப் புள்ளி சீலைக் கிழிக்கும். ஷொக்கை நிமிர்த்தி நிறுத்தி இரண்டு கையாலும் மெதுவாக அமுக்குங்கள். முழுத்தூரமும் ஒரே கனமாக இறங்க வேண்டும். இடையில் ஒரு விரற்கிடை அளவுக்குச் சும்மா இறங்கினால் ஒயில் குறைந்திருக்கிறது. கையை எடுத்ததும் தண்டு தானாக மேலே வர வேண்டும். ஒற்றைக் குழாய் வகையில் காஸ் அழுத்தம் அதிகம், நல்ல பலமாகத் தள்ளிக்கொண்டு வரும். இரட்டைக் குழாய் வகையில் மெதுவாக வரும். ஒற்றைக் குழாயில் வெளிச்சுவரில் சிறு நெளிவுகூட இருக்கக் கூடாது, உள்ளே பிஸ்டன் நேரடியாக அந்தச் சுவரில்தான் ஓடுகிறது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் புஷ் போய்விட்டது. கடைசியாக ஸ்ப்ரிங்கில் அச்சடித்த இலக்கத்தைப் பாருங்கள். உள்விட்டம், நீளம், கிலோ மூன்றும் பெரும்பாலும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே இலக்கம்தானா என்று பாருங்கள். கலந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

புதிது வாங்க முடிந்தவர்களுக்கு: டெயின் ஃப்ளெக்ஸ் இசட் இரட்டைக் குழாய், இறுக்கம் மாற்ற 16 படி. பிசி ரேசிங் பிஆர் ஒற்றைக் குழாய், 30 படி. படி கூடினால் நல்லது என்று எண்ண வேண்டாம், நான் பாவிப்பது மூன்று நான்கு படிகளுக்குள்தான். இந்த இரண்டிலும் கீழ்ப் பிடியைத் திருகி உயரம் மாற்றலாம், அதனால் ஷொக்கின் ஓட்டத் தூரம் குறையாது. ஸ்ப்ரிங் தட்டை மட்டும் திருகும் மலிவு வகையில் இறக்க இறக்க ஓட்டம் குறைந்துகொண்டே போகும். வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள்.

இப்போது எங்கள் ஊர்ப் பிரச்சினை. உப்பு.

கொழும்பில் எழுதுகிறவர்களும் வெளிநாட்டுக்காரரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இதுவே முதல் பிரச்சினை. கொயிலோவரின் உடம்பு இரும்பு, மேலே மெல்லிய முலாம். திருகும் வளையம் பெரும்பாலும் அலுமினியம். இரண்டுக்கும் இடையே உப்புநீர் போனால் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரையோடு மரை இறுகிவிடும். உப்புவெளி நண்பரின் செட் ஒரு மாரிமழையைத்தான் பார்த்தது. அதற்குப் பிறகு ஸ்பானர் போட்டுச் சுத்தியலால் அடித்ததில் வளையத்தின் பல் உடைந்ததே தவிர, வளையம் அசையவில்லை. உயரம் மாற்றலாம் என்று காசு கொடுத்து வாங்கியது அந்த 60 மில்லிமீற்றரிலேயே நிற்கிறது.

நான் செய்வது இதுதான். பொருத்தும் முன்பே கீழ்ப் பிடியின் உள்மரைக்கு மரை இறுகாமல் தடுக்கும் பசை பூசினேன். வெளியே தெரியும் மரைக்குக் கிறீஸ் பூசாதீர்கள், நிலாவெளி மணல் அதில் ஒட்டி அரைக்கும். அங்கே மெழுகு வகைக் கறள் தடுப்பு ஸ்பிரே அடிக்கிறேன். மேலே துணி உறை போட்டு அடிப்பக்கம் திறந்தே விட்டிருக்கிறேன், தண்ணீர் தங்கக் கூடாது. வடகீழ்ப் பருவமழை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சக்கரத்தைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பல்துலக்கியால் மரையைத் தேய்த்து, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவருவேன். இதற்கு நேரமில்லாதவர் கடற்கரை ஊரில் கொயிலோவர் வாங்கவே வேண்டாம். புது ஸ்ட்ரட்டும், 20 அல்லது 25 மில்லிமீற்றர் இறக்கும் ஸ்ப்ரிங்கும் போதும். கயாபாவில் அந்த அளவு ஸ்ப்ரிங்குக்கும் பொருந்தும் நியூ எஸ்ஆர் ஸ்பெஷல் என்ற ஷொக் இருக்கிறது.

பொருத்தும்போது கராஜில் பக்கத்தில் நில்லுங்கள். என் மெக்கானிக் பாஸ் அருமையான வேலைக்காரர், ஆனாலும் இரண்டு விஷயம் கேட்டுச் செய்வித்தேன். ஸ்ட்ரட் மேல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க வேண்டாம், தண்டு சேர்ந்து சுற்றினால் சீலுக்குக் கேடு. மற்றது, கீழ் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் நிலத்தில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால் இறக்கும்போது றப்பர் முறுகி, எப்போதும் முறுகியே இருந்து கெதியாகக் கிழியும். வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்ப்ரிங் படிந்த பிறகு இன்னொரு தடவையும் பாருங்கள்.

தம்பி, உங்கள் கார் எது என்று எழுதவில்லை. சிவிக் ஈகே என்றால் நான் சொன்ன கிலோக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் ஸ்ட்ரட் இல்லை, மேலும் கீழும் ஆர்ம் உள்ள இரட்டை விஷ்போன். ஸ்ப்ரிங் ஆர்மின் நடுவில் அமுங்குவதால், சக்கரம் அசையும் தூரத்தைவிட ஸ்ப்ரிங் அமுங்கும் தூரம் குறைவு. அந்த விகிதம் 0.7 என்று வைத்தாலும், அதை இரண்டு தடவை பெருக்க வேண்டும் என்பதால் 8 கிலோ ஸ்ப்ரிங் சக்கரத்தில் 4 கிலோவுக்கும் சற்றுக் குறைவாகத்தான் வேலை செய்யும். மொடலையும் டயர் அளவையும், காரில் வழமையாக எத்தனை பேர் போவீர்கள் என்பதையும் எழுதுங்கள். டயர் பழையதென்றால் ஸ்ட்ரட்டுக்கு முன் அதை மாற்றுங்கள்.