ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்

மடிப்புக்காரி:
மதுரையில் ஒரு துணிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷனில் ஏழு வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் இறக்கம், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. போன தீபாவளி முடிந்து பத்து நாளில் இடது முழங்காலுக்குப் பின்னால் பச்சையாக நரம்பு புடைத்தது, இப்போது கெண்டைக்காலில் மண்புழு மாதிரி நெளிந்து கிடக்கிறது. ராத்திரி கொலுசைக் கழற்றினால் அது இருந்த இடத்தில் வட்டமாகப் பள்ளம். டாக்டர் வெரிகோஸ் என்றார், ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்றார். நல்லா சொன்னார் போங்கள்.

கடையில் ஸ்டூல் இல்லாமல் இல்லை. கடை ஆட்களுக்கு இருக்கை போட வேண்டும் என்ற சட்டம் வந்த புதிதில் செக்‌ஷனுக்கு இரண்டு வாங்கிப் போட்டார்கள். ஒன்றின் மேல் பில் புக் இருக்கிறது, இன்னொன்றில் ஏறி மேல்தட்டுப் புடவையை எடுக்கிறோம். ஈ காக்கா இல்லாத ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன், கேமராவில் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து சூப்பர்வைசருக்குப் போன் வந்துவிட்டது. நாங்கள் சட்டப்படி கேட்க முடியுமா? உட்கார்ந்தால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை இனி வந்தது வந்ததுதானா?

பாலக்காட்டு பஸ்:
தாராளமாகக் கேட்கலாம் அக்கா. 1947ஆம் வருடத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் திருத்தி, 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை போட வேண்டும் என்பதோடு அது முடியவில்லை. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பயன்படுத்திக்கொள்ளத்தான் இருக்கை என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. பில் புக்குக்குப் போட்ட ஸ்டூல் அந்தக் கணக்கில் வராது.

கேரளத்தில் இது 2018லேயே வந்துவிட்டது, அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் மற்றக் கடைப் பெண்களும் முதலில் கக்கூஸ் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் உட்காரும் போராட்டம். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு 1948லேயே சொல்லிவிட்டது, அதே நியாயம் தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைப் படியேற 73 வருடம் ஆகியிருக்கிறது. புகார் என்றால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் கொடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள், செக்‌ஷனே சேர்ந்து எழுதுங்கள்.

ஆலை டாக்டர்:
ஸ்பின்னிங் மில்லில் மருத்துவராக இருந்தவன், இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைச்சதை இறுகி இறுகித் தளர வேண்டும், அதுதான் பம்பு. நடந்தால் பம்பு ஓடும். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றால் ஓடாது, ரத்தம் தேங்கி, அதைக் கீழே திரும்பவிடாமல் தடுக்கிற நாளத்தின் வால்வுகள் நாளாவட்டத்தில் தளர்ந்துவிடும்.

டென்மார்க்கில் ஏறக்குறைய 9,600 பேரை 12 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், 2005இல் வெளியானது. வேலை நேரத்தில் முக்கால்வாசிக்கு மேல் நின்றோ நடந்தோ கழித்தவர்கள் வெரிகோஸுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு, ஆண் பெண் இருவரிலுமே. கனடாவின் ஒன்டாரியோவில் ஏறக்குறைய 7,300 பேரை 12 வருடம் பார்த்த இன்னொரு ஆய்வில், பெரும்பாலும் நிற்கிற வேலைக்காரர்களுக்கு உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைவிட இதயநோய் சுமார் இரண்டு மடங்கு வந்திருக்கிறது. கால் வலி கிழவிகள் சமாச்சாரம் என்று நினைக்கிற முதலாளிகளுக்கு இதைக் காட்டுங்கள்.

புடைத்த நரம்பு உட்கார்ந்ததால் மறையாது. ஆனால் வீக்கமும் கனமும் குறையும், மேற்கொண்டு கெடுவதும் மட்டுப்படும். அதற்காக நாள் முழுக்க உட்காருவதும் சரியில்லை, மாற்றி மாற்றி இருக்க வேண்டும். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். அழுத்தக் காலுறையை டாக்டரிடம் அளவு கேட்டு வாங்கி, காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே போடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, லீவு கிடைக்குமா என்று யோசிக்காதீர்கள்.

பாத்திரக்கடை அண்ணாச்சி:
திட்டுவீர்கள், பரவாயில்லை. என் கடையில் ஆறு பேர். உட்காரச் சொன்ன முதல் வாரமே ஒரு வாடிக்கையாளர் "நான் வந்து நிற்கிறேன், உன் ஆள் எழுந்திரிக்கக்கூட மாட்டேன்கிறான்" என்று கல்லாவில் வந்து சத்தம் போட்டார். பயம் முதலாளிக்கு மட்டும் இல்லை, பையன்களும் நான் கல்லாவில் இருக்கிறவரை உட்காரவே இல்லை. கடைசியில் நானே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை, சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையில் கேமரா பார்க்கிற ஆளிடம் யாராவது பேசினார்களா?

மடிப்புக்காரி:
அண்ணாச்சி, கேமரா பார்ப்பவர் முதலாளியின் மைத்துனர், அவரிடம் யார் பேசுவது! ஆனால் சூப்பர்வைசர் அக்காவுக்கும் இதே நரம்பு இருக்கிறதாம், சேலையைத் தூக்கிக் காட்டினார், எனக்கு இது தெரியவே தெரியாது. இரண்டு மணியிலிருந்து நான்கு வரை இருவர் இருவராக உட்காரலாமா என்று பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் இல்லை. பில் புக்கை மட்டும் எடுத்து ரேக்கில் வைத்துவிட்டோம்.