காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் இழுக்கிறது, எங்கே தேடுவது?

விடிகாலை_ஓட்டுநர்:
வணக்கம் நண்பர்களே. 9 வருடப் பெட்ரோல் கார், 4 சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் வண்டி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரமாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் அடம் பிடிக்கிறது. செல்ஃப் மந்தமே இல்லாமல் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்க எட்டு, பத்து விநாடி ஆகிறது. சில நாள் மூன்றாவது தடவைதான் எடுக்கிறது. எடுத்த பிறகு ஒரு குறையும் இல்லை, பகலில் சாவியைத் தொட்டாலே போதும்.

பேட்டரி போன மாதம் மாற்றியது. ஒர்க்‌ஷாப்பில் நாலு பிளக்கும் மாற்றினார்கள், பலன் இல்லை. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாம் என்கிறார்கள். வாரம் மூன்று நாள் விடிவதற்கு முன் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சாவி பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் எடுக்காமலே போய்விடுமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மின்சுற்று:
புது பேட்டரியானாலும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறந்து விளக்கு எரிவதற்கு முன், 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுரண்டி எடுத்து இறுக்குங்கள்.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, செல்ஃப் மோட்டாரைத் தொட விடாதீர்கள். அது வேகமாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் அது தன் வேலையைச் செய்கிறது. பேட்டரியும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும்தான் பார்க்க வேண்டும். பகலில் உடனே எடுக்கிறதே, அதனால் முதலில் பெட்ரோலைப் பாருங்கள்.

நாளை காலை இப்படிச் செய்யுங்கள். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி நிறுத்துங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி ஒரு ரீங்காரம் கேட்கும், அதுதான் டேங்குக்குள் இருக்கும் பம்ப். சாவியை அணைத்து, பத்து விநாடி விட்டு, மறுபடி ஆன். இப்படி மூன்று நாலு தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். சட்டென்று எடுத்தால் இரவில் லைனில், அதாவது டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில், அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பம்புக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. வண்டியை அணைத்த பிறகு லைனில் நிற்கும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் அதுதான் பிடித்து வைக்கிறது. அது தேய்ந்துபோனால் விடிவதற்குள் லைன் காலி. காலையில் நீங்கள் செல்ஃப் அடிக்கும் பத்து விநாடியும் பம்ப் அந்த லைனை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் அழுத்தம் இறங்கும். ஆனால் அப்போது பெட்ரோல் சிலிண்டருக்குள் வடியும். எடுத்ததும் கரும்புகை, பெட்ரோல் வாடை, பிளக்கைக் கழற்றினால் ஈரம், இதெல்லாம் இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படிச் செய்து எடுத்தால் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்படுங்கள்.

ஸ்கேனரோடு:
ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் கூலன்ட் (என்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 24 டிகிரி, கூலன்ட் 70 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. என்ஜின் சூடாக இருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். சின்ன சென்சார்தான், பம்ப்பை இறக்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

விடிகாலை_ஓட்டுநர்:
எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பேட்டரி 12.58, செல்ஃப் சுற்றும்போது 10.4. கூலன்ட் 23, காற்று 22, அதனால் சென்சார் சரி. சாவியை நாலு தடவை ஆன் செய்து எடுத்தேன், இரண்டு சுற்றுக்குள் பிடித்துவிட்டது! மறுநாள் அப்படிச் செய்யாமல் எடுத்தேன், பழைய பத்து விநாடி. அதற்கடுத்த நாள் நாலு தடவை செய்தேன், மறுபடி உடனே. காலையில் கழற்றிய முதல் பிளக் காய்ந்திருந்தது, புகையும் வாடையும் இல்லை.

பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் கேஜ் வாங்கி லைனில் மாட்டினேன். ஓடும்போது 3.2 பார். அணைத்து இருபது நிமிடத்தில் 1 பார், ஒரு மணி நேரத்தில் பூஜ்யம்.

பழைய_ஸ்பேனர்:
வெளியே எங்கும் கசிவு இல்லையே? லைன் முழுக்கக் கைவிளக்கு அடித்துப் பார்த்துவிடுங்கள். ஈரமோ வாடையோ இல்லையென்றால் பம்ப் வால்வுதான்.

மாற்றும்போது டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும். முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினைத் தானாக அணையும்வரை ஓட விடுங்கள், லைனில் இருக்கும் அழுத்தம் போய்விடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். திறந்த வெளியில், தீயோ பொறியோ பக்கத்தில் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். டேங்கில் பம்ப் இறங்கும் வாயை அடைக்கும் மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையம் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள் தம்பி, பழையதைத் திரும்பப் போட்டால் டேங்கை நிரப்பும் அன்று வண்டிக்குள் பெட்ரோல் வாடை வரும்.

விடிகாலை_ஓட்டுநர்:
பம்ப்பை அந்த மெக்கானிக்கும் நானுமாக மாற்றினோம். நீங்கள் சொன்ன வளையத்தைப் பார்த்தேன் அண்ணா. வெளியே எடுத்ததும் பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தது, அது கிடந்த பள்ளத்திலேயே திரும்ப உட்காரவில்லை. புது வளையத்தை விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்த பிறகே மூடியை இறுக்கினோம். மூன்று பக்கம் சரியாக உட்கார்ந்தது, நாலாவது பக்கம் டேங்கின் விளிம்பில் மண் சேர்ந்திருந்ததால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம்.

இரவு 9 மணிக்கு அணைத்தேன். காலை 4.30க்கு கேஜில் 2.6 பார் நின்றது. சாவியைத் திருப்பினேன், அப்பா பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்றோடு பதினோரு நாள், ஒருநாள்கூட இழுக்கவில்லை. செல்ஃப் மோட்டாரைத் தொட விடாமல் தடுத்ததற்கு மனமார்ந்த நன்றி அண்ணா.