மறு: ‘வளர்ச்சி மனப்பான்மை’ கிளினிக் நிர்வாகக் கையேட்டுக்குப் பொருந்துமா?

வணக்கம்.

> உளவியலாளர் கரோல் டுவெக்கின் ‘growth mindset’ என்ற கருத்துக்கு ‘வளர்ச்சி மனப்பான்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே. அதையே வைத்துக்கொள்ளலாமே.

பள்ளி ஆசிரியர்களுக்கான நூல் என்றால் சரி. கிளினிக் நடத்துவோரிடம் ‘வளர்ச்சி’ என்றால் நோயாளி எண்ணிக்கை, இரண்டாவது கிளை, புது ஸ்கேன் கருவி என்றே மனம் ஓடும். நாம் சொல்லவருவது, திறமை பிறவியிலேயே அளந்து வைத்ததல்ல, முயற்சியாலும் தவறுகளிலிருந்து கற்பதாலும் கூடும் என்ற எண்ணத்தை. ‘மனப்பான்மை’யைக் கேட்டதுமே ‘தாழ்வு மனப்பான்மை’ நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘மனநிலை’யோ மனநல மருத்துவத்தின் சொல்.

என் பரிந்துரை ‘வளர்மனப்பாங்கு’. வளர்பிறைபோல வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என முக்காலமும் அதில் அடங்கும்.

> எதிர்ச்சொல் (fixed mindset, அதாவது திறமை மாறாது என்ற எண்ணம்) ‘நிலைமனப்பாங்கு’ ஆகுமா?

ஆகாது. ‘நிலையான மனம்’ தமிழில் பாராட்டுச் சொல். ‘உறைமனப்பாங்கு’ என்போம்.

சொல்லைத் தடுப்பூசி ஃபிரிட்ஜின் பதிவேட்டில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் குறிக்க வேண்டும். பல பதிவேடுகளில் மாதம் முழுக்க 4, 4, 4 என ஒரே பேனா மையில் வரிசையாக இருக்கும். 11 என்று எழுதினால் திட்டு விழும் என்று நர்ஸுக்குத் தெரியும். அதுதான் உறைமனப்பாங்கு விளைவிக்கும் கேடு. 11 என்று எழுதியவரிடம் முதல் கேள்வி ‘யார்?’ என்று இருக்கக் கூடாது, ‘எப்போதிலிருந்து?’ என்று இருக்க வேண்டும். மருந்தைத் தனியே எடுத்து, ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒட்டி, சரியான குளிரில் வைத்து, நேரத்தைக் குறித்து, தயாரிப்பாளரிடம் கேட்ட பிறகே வீசுவதா வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பிறகு காரணம் தேடலாம்: கதவுத் தட்டில் வைத்தார்களா, காற்று புகாமல் அடைத்தார்களா, மின்தடையா? கோடையில் குளிரைக் கூட்டிவைத்து, ஹெபடைடிஸ் பி ஊசி உறைந்து வீணாவதும் உண்டு. சூட்டுக்கு மட்டும் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

> திட்டே இல்லையென்றால் கவனம் குறையுமே?

11 என்று எழுதியதற்குத் திட்டு வேண்டாம். பார்க்காமலே 4 என்று எழுதியதைக் கண்டிக்கத்தான் வேண்டும். இந்த வேறுபாட்டைக் கையேட்டில் விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. வரைவின் தலைப்பில், ‘medical practice management’ என்பதற்கு ‘மருத்துவப் பயிற்சி மேலாண்மை’ என்று இருக்கிறது. படிப்பவர் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி என்று நினைப்பார். பேச்சில் எல்லாரும் ‘தனியா பிராக்டிஸ் பண்றார்’ என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் ‘கிளினிக் நிர்வாகம்’ போதும்.

வளர்மனப்பாங்கைச் சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் ‘வளர்’ ஏவலாகி, மனப்பாங்கை வளர்க்கச் சொல்வதுபோல் ஆகிவிடும்.