சப்பைத் தண்ணீருக்கு வீடு முழுவதற்குமான மென்னீர்க் கருவி தேவையா?

பல்லடத்தான் கேட்டது:

வணக்கம். நாங்கள் பல்லடத்தில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம். குடிக்கவும் சமைக்கவும் நகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரைத் தரைத்தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் 900 அடி ஆழ்துளைக் கிணற்றின் சப்பைத் தண்ணீரில், அதாவது உப்புத் தண்ணீரில்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கீசரின் சூடேற்றும் காயில், காரை பூசியதைப் போல வெள்ளையாக உப்பேறி வெடித்துவிட்டது. ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டன. வெள்ளை வேட்டிகள் நான்கு சலவையில் சாம்பல் நிறமாகிவிடுகின்றன.

ஒரு விற்பனையாளர் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) மீட்டரைத் தண்ணீரில் நனைத்து 1,400 என்று காட்டி, வீடு முழுவதற்கும் மென்னீர்க் கருவி (வாட்டர் சாஃப்ட்னர்) பொருத்தச் சொல்கிறார். இன்னொருவர், குழாயின் மேல் காந்தத்தைக் கட்டினாலே போதும் என்கிறார். இருவரையும் நம்ப மனம் வராமல் ஆய்வகத்தில் சோதித்தேன்: லிட்டருக்கு மொத்தக் கடினத்தன்மை 780 மில்லிகிராம், காரத்தன்மை 420, குளோரைடு 310. இதை வைத்து என்ன முடிவு செய்யலாம்? சிறுநீரகத்தில் கல் வந்துவிடும் என்று என் தாயார் அஞ்சுகிறார், அது உண்மையா?

ஓய்வுபெற்ற வேதியியலர்:

கருவி வாங்கும் முன் சோதித்தீர்களே, பெரும்பாலோர் அதைத்தான் செய்வதில்லை. நம் பேச்சில் 'உப்புத் தண்ணீர்' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு குணங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. விற்பனையாளர்கள் பிழைப்பதும் அந்தக் குழப்பத்தில்தான். கரிப்புச் சுவை பெரும்பாலும் சோடியம் குளோரைடால் வருவது. கடினத்தன்மையோ கால்சியத்தாலும் மெக்னீசியத்தாலும் வருவது. டி.டி.எஸ். மீட்டர் கரைந்தவை மொத்தம் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லுமே தவிர, அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லாது. மென்னீர்க் கருவியும் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைக் கொடுப்பதால், கருவியைப் பொருத்திய பிறகும் மீட்டர் ஏறத்தாழ அதே 1,400-ஐத்தான் காட்டும்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500) குடிநீரின் கடினத்தன்மை 200-க்குள் இருப்பது நல்லது, வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதி. உங்கள் 780 அதையும் தாண்டியது. கிணற்று நீர் பாறை இடுக்குகளிலும் சுண்ணாம்புக்கல் படுகைகளிலும் நெடுநாள் தங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கோவையை அடுத்த மதுக்கரையில் சிமெண்டு ஆலை அமையும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் இருக்கும் வட்டாரம் அல்லவா இது.

காரத்தன்மை 420 என்பதைக் கவனியுங்கள். பைகார்பனேட்டாக இருக்கும் இந்தப் பங்குதான், நீர் சூடாகும்போது கார்பனேட்டாக மாறிக் காயிலில் ஒட்டுகிறது. மொத்தக் கடினத்தன்மை 780-இல் மீதி 360 கொதிக்க வைத்தாலும் போகாது. இரண்டுமே சோப்பைத் திரித்து நுரையைக் கெடுக்கும். ஆக, உங்கள் இழப்பில் பெரும்பகுதி கீசரிலும் துவைப்பிலும்தான் நேர்கிறது. கழிப்பறைக்கும் வாசல் தெளிக்கவும் மென்னீர் எதற்கு?

உப்புக் கணக்கையும் பாருங்கள். நாளொன்றுக்கு 1,000 லிட்டரை மென்னீராக்கினால், கருவிக்குள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பிசினைப் புதுப்பிக்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை உப்பு செலவாகும். மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மூட்டை. கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் 200 லிட்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடிந்துவிடும். இப்படி மென்மையாக்கிய உங்கள் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 350 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால், அதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் நிச்சயமாக வேண்டாம்.

காந்தம் கட்டிய பின் ஆய்வகத்தில் மறுபடி சோதித்தால் அதே 780-தான் வரும். காந்தத்தால் நீரிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கடின நீருக்கென்று உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் வரம்பு எதுவும் விதிக்கவில்லை. கல் உருவாவதற்குக் கடின நீரைவிட, போதுமான அளவு தண்ணீர் குடிக்காமல் இருப்பதே பெரிய காரணம். உங்கள் வீட்டில் குடிப்பதும் நல்ல தண்ணீர்தானே.

கீசர் பழுதுபார்ப்பவர்:

ஐயா சொன்னதோடு வேலை அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சேர்க்கிறேன். கீசரின் வெப்ப அளவை 75 பாகையில் வைத்திருப்பவர்கள் வீட்டில்தான் காயில் விரைவில் போகிறது. 55-இல் வைத்தால் படிவு கணிசமாகக் குறையும். ஆண்டுக்கு ஒரு முறை காயிலைக் கழற்றி, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து அதில் ஊற வைத்தால் சுண்ணாம்பு தானாக உதிரும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். சுண்ணாம்போடு உலோகத்தையும் அது அரித்துவிடும். தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் அப்போதே பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். இப்படி ஒரு கம்பி இருப்பதே பல வீட்டாருக்குத் தெரியாது.

சூலூர் இல்லத்தரசி:

வீடு முழுவதற்கும் கருவி பொருத்தி வருந்தியவர்கள் நாங்கள். பிசினைப் புதுப்பிக்கும்போது வெளியேறும் உப்புக் கழிவு நீர், கட்டியவர் வைத்த வழியிலேயே தென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓராண்டில் ஓலை நுனிகள் கருகி, மண் களிபோல் இறுகிவிட்டது. இப்போது அக்கருவி துவைக்கும் இடத்திற்கு மட்டும். கழிவு நீர் சாக்கடைக்குப் போகிறது.

தலைமுடிக்கு நான் ஷாம்புவை விட்டுவிட்டு அரப்பு இலைப் பொடிக்குத் திரும்பினேன். அரப்பும் சீயக்காயும் சப்பைத் தண்ணீரில் சோப்பைப் போலத் திரிவதில்லை என்பதை நம் பாட்டிமார்கள் அறிந்துதான் வைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரில் அலசினால் பிசுபிசுப்பு இருப்பதில்லை. பருப்பையும் நல்ல தண்ணீரிலேயே வேக வையுங்கள். சப்பைத் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு கெட்டியாகவே நிற்கும்.

பல்லடத்தான்:

மூவருக்கும் நன்றி. கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் தனிக் குழாய் இழுத்துச் சிறிய கருவி வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன். மாடியில் விழும் மழைநீர் இப்போது உறிஞ்சுகுழிக்குப் போகிறது. அதைச் சேமித்துத் துணிக்குப் பயன்படுத்தினால் பலன் இருக்குமா?

ஓய்வுபெற்ற வேதியியலர்:

இருக்கும். மழைநீரில் கடினத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழும்; அதில் முக்கால் பங்கு தொட்டிக்கு வந்தாலும் மூன்று நான்கு நாள் துவைக்கலாம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடியின் தூசியெல்லாம் அதில்தான் வரும். தொட்டி நிரம்பி வழிவதை வழக்கம்போல் உறிஞ்சுகுழிக்கே திருப்பிவிடுங்கள்.