செட்டிநாட்டில் காலும் கையும் காதும் நாக்கும் கண்ட சுகங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கோட்டையூர்ப் பேத்தி

செட்டிநாடு என்றாலே வீட்டை அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பது என்றாகிவிட்டது. பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, அதெல்லாம் அந்தக் காலத்தில் என்ன விலை... பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பார்ப்பதற்காக மட்டும் கட்டிய வீடுகள் இல்லை அவை. உடம்பு சுகமாக இருக்கக் கட்டியவை.

சித்திரை மத்தியானம் வெளியே செம்மண் காலைச் சுடும் நேரத்தில் வீட்டுக் கூடமான பட்டாலைச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சில்லென்று இருக்கும். சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. சின்ன வயதில் விளையாடிக் களைத்து வந்தால் அதில்தான் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்போம். அப்பத்தா திட்டவே மாட்டார்கள். அவர்களே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மழை. எங்கள் பக்கம் மழை அபூர்வமாகத்தான் வரும், அதனால் வந்தால் வீடே கூடிவிடும். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு, நடுவில் வானம் பார்த்த முற்றம். முதல் துளிகள் ஓட்டில் விழும் சத்தம் ஒன்று, ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்துக் கல்லில் கொட்டும் சத்தம் இன்னொன்று. வெறும் அண்டாவை இழுத்து மூலையில் வைத்ததும் மூன்றாவதாக ஒன்று சேரும். அண்டா நிறைய நிறைய அந்தச் சத்தம் மாறிக்கொண்டே வரும். முற்றத்தைச் சுற்றிய வளவில் வரிசையாக உட்கார்ந்து அதைக் கேட்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இருக்காது.

இப்படி நீங்கள் தொட்டது, கேட்டது, முகர்ந்தது, ருசித்தது எதுவானாலும் எழுதுங்களேன். பெரிய சம்பவமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

ஆத்தங்குடியான்

எங்கள் அப்பா கல் போடுகிறவர். தரையில் பதிக்கிற ஆத்தங்குடி டைல்ஸ் என்று ஊர் சொல்லட்டும், எங்களுக்கு அது கல்தான். வெளியூர்க்காரர்கள் பட்டறைக்கு வந்ததும் "சூளை எங்கே?" என்று கேட்பார்கள். சூளையே கிடையாது. நெருப்பே படாத கல் இது.

ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கீழே வைப்பார். மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் அச்சு. சாயப்பொடி கலந்த சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் மொண்டு ஒவ்வொரு அறையாக ஊற்றுவார். இங்கே சிவப்பு, அங்கே மஞ்சள், இதழுக்குப் பச்சை. ஊற்றி முடித்ததும் அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் ஆடினாலும் நிறம் கலந்துவிடும். அந்த நேரத்தில் அப்பா மூச்சை அடக்கிக்கொள்வார், பக்கத்தில் நிற்கிற நானும் அடக்கிக்கொள்வேன். பிறகு ஈரத்தை இழுக்க உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அழுத்திச் சமன் செய்து, ஓரமாக எடுத்து வைப்பார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்.

இத்தனை நேரமும் பூவின் முகம் கீழே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். போட்டவருக்குக்கூட அது எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது. தண்ணீரில் ஊறி எடுத்து, கண்ணாடியைப் பிரித்துக் கல்லைத் திருப்பும்போதுதான் பார்க்கலாம். ஈரம் சொட்டச் சொட்ட, பளபளவென்று, கண்ணாடியின் வழவழப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு ஒரு பூ! எத்தனையோ வருஷமாக இதே வேலை செய்கிறார். இன்றைக்கும் முதல் கல்லைத் திருப்பினால் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் கீழே வைப்பார். வேண்டிய மெருகு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் பார்த்தாலே தெரியும்டா. தொட நல்லா இருக்கு, அதான்" என்றார்.

வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போட்ட உடனே இருக்கிற அழகு இதன் முழு அழகு இல்லை. வெறுங்காலோடு நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் மெருகு ஏறும். ஆள் புழங்காத வீட்டில் இந்தக் கல் மங்கித்தான் கிடக்கும்.

மதுரை ஆசிரியர்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கானாடுகாத்தானுக்கு நண்பர் குடும்பத்தோடு போனேன். வாசலில் இறங்கியதும் நண்பர் மனைவி, "சார், உங்களுக்கு இங்கே என்ன காட்டுறதுன்னு தெரியலையே" என்று சங்கடப்பட்டார். "காட்ட வேண்டாம்மா, கையைப் பிடிச்சு நிலைக்கதவுகிட்ட விடுங்க" என்றேன்.

அன்று காலை முழுவதும் அந்த நிலையிலேயே போயிற்று. கீழே இருந்து தொடங்கினேன். முதலில் பட்டையான சட்டம், அதற்குள் ஒரு கொடி. அந்தக் கொடியை விரலால் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலை, இலைக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி ஒரு மொட்டு. இடுப்பு உயரத்தில் விரல் சட்டென்று ஒரு கூர்மையில் முட்டியது. கிளியின் மூக்கு! அலகு, கழுத்து, சிறகின் வரி வரியான செதுக்கல், கடைசியில் நீண்ட வால். வலப்பக்கம் போய் அதே உயரத்தில் தேடினேன், அங்கேயும் ஒரு கிளி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இடப்பக்கத்துக் கிளி கொஞ்சம் பருமன், அலகும் மழுங்கியது. ஒரே ஆசாரி இரண்டையும் செய்திருக்க மாட்டார் என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதைக் கவனிச்சதே இல்லை சார்" என்றார்.

உள்ளே போனதும் முற்றம் எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முகப்பில் என் பேச்சு கூரையில் பட்டுத் திரும்பியது. வளவில் கால் வைத்ததும் குரல் மேலே போய்த் திரும்பவே இல்லை. வெயில் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் பட்டது. தூண்களை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டே சுற்றி வந்தேன். தேக்கு நல்ல வழவழப்பு, பக்கத்தில் முகம் வைத்தால் லேசாக எண்ணெய் வாசம். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் காற்று நடுவில் நிற்காமல் ஓடுகிறது. அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டே இரண்டாங்கட்டுக்கும் அடுப்படிக்கும் நானே நடந்து போனேன். கைத்தடி தேவைப்படவில்லை.

அழகு என்றால் கண் என்று ஏன் முடிவு கட்டிவிட்டார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. அந்த வீட்டில் அது கொஞ்சம் தீர்ந்தது.

கோட்டையூர்ப் பேத்தி

சார், படித்துவிட்டு நேராக எங்கள் வீட்டு நிலைக்கதவுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். எங்கள் நிலையில் யாளிதான். அதன் வாய்க்குள் விரல் போகும் அளவுக்குக் குடைந்திருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பள்ளத்தூர் ஆச்சி

எல்லாரும் வீட்டையே எழுதுகிறீர்கள். அடுப்படிக்கு யாராவது வர வேண்டாமா?

வெள்ளைப் பணியாரம் சொல்கிறேன். ஒரு ஆழாக்குப் பச்சரிசி அளந்து, அதே ஆழாக்கின் தலையில் கோபுரமாக உளுந்தை வைக்க வேண்டும். அந்தக் கோபுரம்தான் அளவு. சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் கொஞ்சம் பாலும் விட்டுக் கரைக்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றினால் அடியில் போய்க் கிடக்கும். அவசரப்பட்டுக் கரண்டியை விடக்கூடாது. தானாக மேலே வரும், வந்து நடு உப்பும், ஓரம் மட்டும் சுருக்கு வைத்த பாவாடை மாதிரி விரியும். ஒரு திருப்பு. சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான், கூட்டமாகப் போட்டால் வராது.

தொட்டுக்கொள்ள டாங்கர் சட்னி. வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, எல்லாம் பச்சையாகவே அரைத்து நல்லெண்ணெயில் தாளிப்பது. பணியாரத்தைப் பிய்த்தால் முதலில் ஆவி வரும். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. மேலே அந்தக் காரம் பட்டு நாக்கு சுரீர் என்கிறபோது இன்னொரு விள்ளல் வாயில் போனால்தான் அடங்கும்.

என் சந்தோஷம் சாப்பிடுவதில் பாதி, பார்ப்பதில் பாதி. மாவு ஒவ்வொரு தடவையும் உப்பி வருவதைப் பார்க்கிறபோது மனசுக்கு ஒரு நிறைவு. மருமகள் சென்னையில் வேலை பார்க்கிற பெண். லீவுக்கு வந்தால் போனை எங்கேயோ வைத்துவிட்டு அடுப்புப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "அயித்தை, அடுத்தது நான் ஊத்துறேன்" என்பாள். ரெண்டு பேரும் பேசாமல் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த மாதிரி நாளில் மாவு தீர்ந்துவிட்டதே என்று இருக்கும்.

கவுணி அரிசி பற்றியும் எழுதத்தான் ஆசை. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணியிலேயே வேகவைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிண்டும்போது வருகிற வாசம் இருக்கிறதே... இன்னொரு நாள் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு தேவகோட்டையான்

பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகை முடிந்து 21 நாள். கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக எடுத்துச் சேர்த்து, 21 இழையையும் திரியாகத் திரிப்போம். அரிசிமாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவைப் பிள்ளையார் பிடித்து, அதில் திரியை வைத்துக் கொளுத்தி, வீட்டுக்குப் பெரியவர் கையால் கொடுப்பார். வாங்கி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாவுப் பிள்ளையாரையும் இழை என்றே சொல்வோம்.

நேரில் பார்க்காதவர்களுக்குப் பயமாக இருக்கும். எனக்கும் சின்ன வயதில் நெஞ்சு படபடக்கும். உதட்டுக்குக் கிட்டே வரும்போது வெக்கை, வாயை மூடியதும் சட்டென்று இருட்டு, அடுத்த நொடி வெல்லமும் நெய்யும் கரைந்து லேசான புகை வாசத்தோடு தொண்டைக்குள் இறங்கும். பயமும் இனிப்பும் ஒரே நேரத்தில் நாக்கில் இருப்பது வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

மனைவி முழுகாமல் இருந்த வருஷம் இங்கே, பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு மண்டபத்தில் நோன்பு கும்பிட்டோம். வயிற்றில் பிள்ளை இருந்தால் அதற்கும் ஓர் இழை உண்டு. முதல் இழை அவளுக்கு. இரண்டாவதை நீட்டும்போது ஐயா, "இது உள்ளே இருக்கிற ஆளுக்கு" என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டாள். இப்போது மகளுக்கு அதைச் சொன்னால், "எனக்கு இனிச்சுதாப்பா?" என்று கேட்கிறாள்.

திருப்பத்தூர்ப் பக்கம்

சிவகங்கை மாவட்டத்தில், எங்கள் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கல்யாணம், திருவிழா எதற்கும் இல்லை. பிள்ளைகளும் மத்தாப்போடு சரி.

தீபாவளி அன்று அந்த ஊரில் இருந்திருக்கிறீர்களா? சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தூரத்தில் வெடித்துக்கொண்டிருக்கும். இங்கே விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கோடித்துணியின் மொடமொடப்போடு கண்மாய்க் கரையில் நின்றால் மரம் முழுக்கக் குஞ்சுகளின் கத்தல். ஒன்று இரண்டல்ல, காதே அடைக்கும். நத்தைகுத்தி அலகைத் தட்டும் 'டக் டக்' சத்தம் அதற்கு நடுவில் தனியாகக் கேட்கும். ஊர் தன் சந்தோஷத்தைக் குறைத்துக்கொண்டது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வெடிச் சத்தத்தை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பேரம் என்றே சொல்வேன்.

மதுரை ஆசிரியர்

ஐயா, அந்தக் கரைக்கு என்னைக் கூட்டிப்போக முடியுமா?

திருப்பத்தூர்ப் பக்கம்

தாராளமாக வாருங்கள் சார். தை மாதத்துக்குள் வந்தால் நல்லது. சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போது தலைக்கு மேலே சிறகுச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். உங்களுக்குப் பிடிக்கும்.

கோவை வாசகி

எனக்கு ஒரே நாள்தான் லீவு கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள், ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி, ஒரு கண்டாங்கிச் சேலை, இத்தனையும் பட்டியலில் இருக்கிறது. முடியுமா?

கோட்டையூர்ப் பேத்தி

ஓடினால் முடியும்தான், ஆனால் எதுவும் உங்கள் மேல் ஒட்டாது. காலையில் ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் கல் திருப்புவதைப் பாருங்கள். வெயில் ஏறியதும் பார்வைக்குத் திறந்திருக்கும் பழைய வீடு ஒன்றில் போய் உட்காருங்கள், படம் அப்புறம் எடுக்கலாம். சேலை கட்டாயம் வாங்குங்கள். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் என்னென்னவோ விற்கிறார்கள். அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல் கையில் வைத்துப் பாருங்கள். நல்ல கண்டாங்கி கனமாக, கொஞ்சம் முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்க உடம்போடு இழையும். அரக்கில் மஞ்சள் கட்டம் போட்டது உங்கள் ஊர் வெளிச்சத்துக்கு எடுப்பாக இருக்கும். பிள்ளையார்பட்டியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். பணியாரம் சாயங்காலம்தான் சூடாகக் கிடைக்கும், அதனால் நாலரைக்கு முன்னால் காரைக்குடியை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.